ஆடிட்டருக்குப் படியளப்பவர் யார்?

மார்ச் 31 முடிந்த கையோடு ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு வேலை தொடங்கும். தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட நிறுவனம் எந்தெந்த வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு கடிதம் போகும். நடப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, நிரந்தர வைப்பில் எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கி எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பணம் நிறுவனத்துடையது என்பதால் கடிதத்தில் நிறுவனத்தின் ஒப்புதல் கையெழுத்து இருக்கும். ஆனால் அனுப்புவது ஆடிட்டரின் பொறுப்பு. பதிலும் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் நேரே ஆடிட்டரிடம் வந்து சேர வேண்டும். வெளியாரிடமிருந்து உறுதி பெறுவது பற்றிய 505ஆம் எண் தணிக்கைத் தரநிலை வற்புறுத்துவதும் இதையே. ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது.

இந்தியக் கார்ப்பரேட் வரலாற்றின் மிகப் பெரிய கணக்கு மோசடிகளில் ஒன்று இந்த எளிய பாடம் கைவிடப்பட்டதால்தான் தப்பிப் பிழைத்தது.

2009 ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். வராத வட்டியை வந்ததாகக் காட்டியது 376 கோடி. காட்டாமல் மறைத்த கடன் பொறுப்பு 1,230 கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியதாகக் காட்டியதில் 490 கோடி மிகை. அன்று ஒரே நாளில் சத்யம் பங்கு தன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது.

அந்தக் கடிதத்தில் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி ஒரே ஒரு காலாண்டைப் பற்றியது. செப்டம்பர் காலாண்டில் அறிவித்த வருவாய் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையான வருவாய் 2,112 கோடி, லாபம் 61 கோடி. இரண்டின் வித்தியாசத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள்: இரண்டுமே 588 கோடி. செலவே இல்லாத வருவாய் அப்படியே லாபமாக விழுந்திருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கில் லாபம் தனியாக நிற்க முடியாது. அதற்கு ஈடாகச் சொத்துப் பக்கத்தில் ஏதாவது ஏற வேண்டும். வரவேண்டிய பாக்கி என்று ஏற்றினால் நாளாக நாளாக ஏன் வசூலாகவில்லை என்ற கேள்வி வரும். ஆகவே வசூலாகி வங்கியில் இருப்பதாகக் காட்டினார்கள். அந்த ஒரு காலாண்டில் மட்டும் இல்லாத வங்கி இருப்பு 588 கோடி கூடியது. பல ஆண்டுகளாக இப்படியே நடந்து வந்ததன் மொத்தம்தான் அந்த 5,040 கோடி.

கணக்கில் பொய் சொல்பவர்கள் பெரும்பாலும் மதிப்பீட்டுக்கு இடமுள்ள பகுதிகளையே தேடிப் போவார்கள். வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, நீண்டகால ஒப்பந்தத்தில் இந்த ஆண்டு எவ்வளவு வருவாயைச் சேர்ப்பது, வாங்கிய நிறுவனத்தின் நற்பெயர் மதிப்பு இன்னும் இருக்கிறதா என்பவை எல்லாம் வாதத்துக்கு உரியவை. அங்கே ஆடிட்டர் ஏமாந்தார் என்றால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். வங்கி இருப்பில் வாதத்துக்கு இடமில்லை. இருக்கிறது அல்லது இல்லை. தணிக்கையிலேயே மிக எளிதாகச் சரிபார்க்கக்கூடியது அது. அங்கேயே ஓட்டை விழுந்தது என்பதுதான் சத்யம் வழக்கை இன்றைக்கும் படிக்கவேண்டியதாக்குகிறது.

அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் சத்யம் பட்டியலிடப்பட்டிருந்ததால் அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையமும் விசாரித்தது. சத்யத்தின் ஆடிட்டர் இடம்பெற்ற பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் வலையமைப்பைச் சேர்ந்த ஐந்து இந்திய நிறுவனங்கள்மீது 2011 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவு, உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் பெறுவதையும் ஆடிட்டர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று சொல்கிறது. விடுபட்டது ஒரு கடிதம் ஓர் ஆண்டில் மட்டுமல்ல. அதுவே வழக்கமாக இருந்திருக்கிறது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் அந்நிறுவனங்கள் ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும், அமெரிக்கத் தணிக்கை மேற்பார்வை வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் கட்டின.

உள்ளே நடந்ததும் சாதாரணமானதல்ல. இல்லாத வருவாய்க்கு விலைப்பட்டியல் வேண்டும். மத்தியப் புலனாய்வுத் துறை கண்டுபிடித்த போலி விலைப்பட்டியல்கள் 7,561. நிறுவனத்தின் கணினி முறைக்குள் சிறப்பு அனுமதியுள்ள பயனர் கணக்கு வழியாக அவை நுழைக்கப்பட்டன. ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் மறை, காட்டு என்று ஒரு குறியீடு இருந்தது. மறை என்று குறித்தவை, அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஊழியர் கண்ணில் படாது. கணக்குப் பிரிவில் மட்டும் வருவாயாக ஏறும். வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு பில் போனதே தெரியாது. ஒரு தலைவர் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையல்ல இது. நிதிப் பிரிவிலிருந்தும் உள்தணிக்கைப் பிரிவிலிருந்தும் ஆட்கள் வேண்டும். 2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ராஜுவும் அவருடைய சகோதரர்களும், முன்னாள் நிதித்துறைத் தலைவரும், உள்தணிக்கைத் தலைவரும், வெளித்தணிக்கை நிறுவனத்தின் முன்னாள் ஆடிட்டர்கள் இருவரும் இருந்தார்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வெளிவந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் நிதித்துறைத் தலைவர் என்ன நிலையில் இருக்கிறார்? இது ஆராயப்பட்ட கேள்வி. ஃபெங், கே, லுவோ, ஷெவ்லின் என்ற நான்கு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் கணக்கைத் திரித்ததாகப் பிடிபட்ட நிறுவனங்களை எடுத்துக்கொண்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிதித்துறைத் தலைவர்கள் தங்கள் பங்கு ஆதாயத்துக்காக இதில் இறங்குவதைவிட, தலைமை நிர்வாகியின் நெருக்குதலுக்குப் பணிந்தே இறங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த நிறுவனங்களில் தலைமை நிர்வாகிகளின் கையில்தான் அதிகாரமும் குவிந்திருந்தது, பங்கு ஆதாயமும் மிகுந்திருந்தது. கணக்கு தெரிந்தவர் ஒருவர், அவரை வேலையில் வைத்திருப்பவர் இன்னொருவர், முடிவு இரண்டாமவருடையது.

மோசடி அளவுக்குப் போகாத திருத்தங்களும் உண்டு. கிரகாம், ஹார்வி, ராஜ்கோபால் மூவரும் நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிதி அதிகாரிகளிடம் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாபம் ஏற்ற இறக்கமில்லாமல் சீராகத் தெரிவதற்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்று 78 சதவீதத்தினர் சொன்னார்கள். விளம்பரச் செலவைத் தள்ளிப்போடுவது, ஆராய்ச்சிச் செலவைக் குறைப்பது போன்றவை சட்டப்படி தவறில்லை. ஆனால் காலாண்டுக்குக் காலாண்டு சந்தையின் எதிர்பார்ப்பைத் தொட்டே தீரவேண்டும் என்ற மனநிலை இங்கேதான் வேர்விடுகிறது. சத்யத்திலும் தொடக்கத்தில் சிறிய இடைவெளியாக இருந்தது, ஆண்டுகள் போகப் போக நிரப்பவே முடியாததாகிவிட்டது என்றுதான் ராஜுவின் கடிதம் விளக்குகிறது.

இயக்குநர் குழுவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர், பெரிய வணிகப் பள்ளியின் முதல்வர் என்று பெயர்பெற்றவர்கள் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களாக இருந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்தக் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. இல்லாத பணத்தின் இடத்தில் உண்மையான நிலத்தையும் சொத்தையும் கொண்டுவந்து வைக்கும் கடைசி முயற்சி அது என்பது ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே தெரிந்தது. முதலீட்டாளர்கள் சில மணி நேரத்தில் எழுப்பிய கேள்வியை, இயக்குநர் குழு அறைக்குள் எழுப்பி அந்தத் திட்டத்தை நிறுத்த யாராலும் முடியவில்லை.

இனி ஆடிட்டரிடம் வருவோம். தணிக்கையின் தரம் என்றால் என்ன என்று லிண்டா டி ஆஞ்செலோ 1981இல் தந்த வரையறையே இன்றும் ஆய்வுகளுக்கு அடிப்படை. கணக்கில் உள்ள குறையை ஆடிட்டர் கண்டுபிடிப்பது ஒன்று, கண்டுபிடித்ததை வெளியில் சொல்வது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பே தணிக்கையின் தரம் என்றார் அவர். முதலாவது திறமையையும் உழைப்பையும் சார்ந்தது. இரண்டாவது சுதந்திரத்தைச் சார்ந்தது. தணிக்கை பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது. பயிற்சி போதவில்லை, மென்பொருள் வேண்டும், தரநிலைகளைத் திருத்த வேண்டும் என்கிறோம். ஆனால் இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவதும் மங்கிப்போகும். சொல்ல முடியாததைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் மனம் வராது. வங்கிக்குக் கடிதம் அனுப்பும் வேலையை நிறுவனத்தின் கணக்காளரிடமே ஒப்படைப்பது திறமைக் குறைவால் வருவதல்ல. நெடுநாள் உறவில் கேள்வி கேட்கும் பழக்கம் தேய்ந்துபோவதால் வருவது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் கணக்கில் வைத்திருந்த 190 கோடி யூரோ அனேகமாக இல்லை என்று அறிவித்து நொடித்தது. இருப்பைக் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்று சம்பந்தப்பட்ட இரு வங்கிகளும் சொல்லிவிட்டன. அதன் கணக்குகளைப் பத்தாண்டுக்கு மேல் தணிக்கை செய்தது எர்ன்ஸ்ட் அண்ட் யங். சத்யம் நடந்து பதினோரு ஆண்டு கழித்து, உலகின் மிகப் பெரிய நான்கு தணிக்கைக் குழுமங்களில் இன்னொன்றின் கையில், அதே வங்கி இருப்பில்!

தேர்வு எழுதும் மாணவனே விடைத்தாள் திருத்துபவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குச் சம்பளமும் தந்து, அடுத்த ஆண்டும் அவரே வேண்டுமா என்று முடிவும் செய்தால் மதிப்பெண்ணை யார் நம்புவார்கள்? கம்பெனித் தணிக்கை நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. சட்டப்படி ஆடிட்டரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள். நடைமுறையில் நிர்வாகம் பெயரைச் சொல்லும், இயக்குநர்களின் தணிக்கைக் குழு பரிந்துரைக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டம் கைதூக்கும். இந்தியாவில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மேலைநாட்டுப் பாடநூல்கள், சிதறிக் கிடக்கும் பங்குதாரர்களுக்கும் சம்பளத்துக்கு வேலைபார்க்கும் நிர்வாகிக்கும் இடையிலான முரண்பாட்டைப் பேசும். நம் பட்டியல் நிறுவனங்களில் பலவற்றில் நிறுவனர் குடும்பமே பெரும்பான்மைப் பங்கையும் நிர்வாகத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே பங்குதாரர்கள் ஆடிட்டரை நியமித்தார்கள் என்பதற்கு, யாருடைய கணக்கைச் சரிபார்க்க வேண்டுமோ அவரே நியமித்தார் என்றுதான் பொருள். சத்யத்தில் நிறுவனர் குடும்பத்தின் பங்கு மிகச் சொற்பம். அப்படியும் பிடி தளரவில்லை.

சம்பளம் தருபவர் மாறினால் ஆடிட்டர் மாறுவாரா? ஊகமாகப் பேச வேண்டியதில்லை. குஜராத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை செய்து மாசு அளவை அறிக்கையாகத் தர வேண்டும்; அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் கட்டணம் தந்ததும் ஆலை நிர்வாகமே. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கலஸ் ரயன் ஆகியோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து 2009 முதல் இரண்டாண்டுகள் 473 ஆலைகளில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பாதி ஆலைகளில் பழைய முறையே தொடர்ந்தது. மறுபாதியில் எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் முறை முடிவுசெய்தது. கட்டணம் பொது நிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே அளவில் வந்தது. சில ஆலைகளில் திடீரென்று மறு அளவீடு எடுத்து, முதல் அறிக்கையோடு ஒப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் அறிக்கை சரியாக இருந்தால் கூடுதல் ஊதியமும் உண்டு.

பழைய முறையில் வந்த அறிக்கைகளை வரைபடமாக்கியபோது, காற்று மாசு அளவுகள் சட்ட வரம்புக்குச் சற்றே கீழே கொத்தாகக் குவிந்து நின்றன. இயற்கையில் அப்படி ஓர் அளவு வராது. எழுதுபவர் மனத்தில்தான் வரும். புதிய முறையில் அந்தக் குவியல் கரைந்துபோனது. வரம்பைத் தாண்டிய ஆலையை வரம்புக்குள் இருப்பதாகப் பொய்யாக எழுதும் வாய்ப்பு 80 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியம், அறிக்கை உண்மையாக வரத் தொடங்கியதும் ஆலைகள் தங்கள் மாசையே குறைத்துக்கொண்டன. தணிக்கைத் தொழிலும் மாறவில்லை, தணிக்கையாளர்களின் கல்வித் தகுதியும் மாறவில்லை. பழைய முறையில் ஓர் ஆலைக்கும் புதிய முறையில் இன்னோர் ஆலைக்கும் வேலைசெய்த தணிக்கை நிறுவனங்களே, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டன.

புகைபோக்கியை அளப்பதும் ஒரு குழுமத்தின் கணக்கைப் படிப்பதும் ஒன்றல்ல என்ற மறுப்பில் நியாயம் உண்டு. பெரிய நிறுவனத்தின் தொழிலைப் புரிந்துகொள்ளவே ஆடிட்டருக்கு ஓரிரு ஆண்டு தேவைப்படும். ஆண்டுதோறும் குலுக்கல் போட்டால் அந்த அறிவு வீணாகும். அதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அரசு நிறுவனங்களின் ஆடிட்டரை நிர்வாகம் நியமிக்காமல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமிக்கும் வழக்கம் நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நியமிப்பவரும் தணிக்கைக்கு உட்படுபவரும் வேறு வேறாக இருக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

சத்யத்துக்குப் பிறகு சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து இரண்டு ஐந்தாண்டுக் காலத்துக்கு மேல் ஒரே பட்டியல் நிறுவனத்தில் நீடிக்கக் கூடாது என்றது. ஆடிட்டர் அதே நிறுவனத்துக்குக் கணக்கெழுதும் வேலையோ நிர்வாகச் சேவையோ செய்யக் கூடாது என்று தடுத்தது. மோசடியைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமையை விதித்தது. அந்தச் சட்டம் வகுத்தபடி 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. அதற்குள் அடுத்த இடி விழுந்துவிட்டது. சுமார் 91,000 கோடி ரூபாய் கடன் வைத்திருந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் 2018இல் தவணை கட்ட முடியாமல் தடுமாறியது. அதன் நிதிக் கிளையான ஐஃபினின் 2017–18 தணிக்கையை ஆராய்ந்து 2019 டிசம்பரில் ஆணையம் தந்த அறிக்கை, தணிக்கையில் கடுமையான குறைகளையும், தணிக்கையல்லாத சேவைகளால் ஆடிட்டரின் சுதந்திரம் கெட்டதையும் சுட்டியது. பதவி விலகிவிட்டாலும் நடவடிக்கையிலிருந்து ஆடிட்டர் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தெளிவுபடுத்தியது.

இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் இவற்றில் பல தவறு நடந்த பிறகு தண்டிப்பவை. தண்டனையும் எளிதில் நிற்பதில்லை. சத்யம் விவகாரத்தில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் வலையமைப்பு நிறுவனங்கள் பட்டியல் நிறுவனங்களைத் தணிக்கை செய்யக் கூடாது என்று 2018 ஜனவரியில், அதாவது ஒன்பது ஆண்டு கழித்து, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இரண்டாண்டுத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. அலட்சியம் வேறு, மோசடிக்கு உடந்தையாவது வேறு என்று தீர்ப்பாயம் பார்த்தது சட்டத்தில் சரியான வேறுபாடு. பணத்தை இழந்த பங்குதாரருக்கு அந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அலட்சியமே முளைக்காத ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும்.

ஆடிட்டரின் கட்டணம் பங்குச் சந்தையோ ஒழுங்குமுறை ஆணையமோ நிர்வகிக்கும் பொது நிதியிலிருந்து வர வேண்டும் என்பதே என் கருத்து. அது வரும்வரை, நம் சட்டத்திலேயே இருக்கும் ஒரு விதியை நீட்டினால் போதும். நிறுவனர் குடும்பத்தோடு நிறுவனம் பெரிய வணிகப் பரிவர்த்தனை செய்யும்போது, தொடர்புடையவர்கள் அந்தத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களிக்க முடியாது என்று செபி விதிமுறை சொல்கிறது. மேட்டாஸ் போன்ற பேரங்களுக்கான தடுப்பு அது. ஆடிட்டர் நியமனத்துக்கும் அதே விதியை வைக்கலாம்: நிறுவனர் தரப்பு ஒதுங்கி நிற்கட்டும், மற்ற பங்குதாரர்களின் பெரும்பான்மை வாக்கே முடிவு செய்யட்டும். தன் வேலை யார் கையில் இருக்கிறது என்று ஆடிட்டருக்குத் தெரிந்தால், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விதி மாறுவதற்கு முன்பும் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. நேரடியாகப் பங்கு வைத்திருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். ஆடிட்டர் நியமனம் வாக்கெடுப்புக்கு வரும் ஆண்டில் அந்தத் தீர்மானத்தைத் திறந்து படியுங்கள். எத்தனை ஆண்டாக இருக்கிறார், தணிக்கைக்கு எவ்வளவு வாங்குகிறார், மற்ற சேவைகளுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதை ஆண்டறிக்கையில் பாருங்கள். முந்தைய ஆடிட்டர் பாதியில் விலகியிருந்தால், அவர் சொன்ன காரணத்தை நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தெரிவித்திருக்கும். அதையும் தேடிப் படியுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் இணையவழி வாக்கெடுப்பில் எதிராக வாக்களியுங்கள். பரஸ்பர நிதியில் மாதாமாதம் பணம் போடுபவராக இருந்தால், அந்த நிதி நிறுவனம் உங்கள் சார்பில் எப்படி வாக்களித்தது என்பதை அதன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். ஆடிட்டர் நியமனத் தீர்மானங்களுக்கு நேரே அது என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஏன் என்று ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்.